ஒரு பக்கம் பேரரசர், மறுபக்கம் ஊர்

ரோமப் பேரரசில் தங்க நாணயமும் பெரும்பாலான வெள்ளி நாணயமும் அரசின் நேரடிப் பிடியில் இருந்தபோதிலும், அன்றாடச் சில்லறைக்கு வேண்டிய வெண்கல நாணயங்களைக் கிரேக்கம், ஆசியா மைனர் (இன்றைய துருக்கி), சிரியா ஆகிய கிழக்குப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான நகரங்கள் தாமே வெளியிட்டன. மேற்கு மாகாணங்களில் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மறைந்துபோன இவ்வழக்கம், கிழக்கில் 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை நீடித்தது.

உருவம் செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்தே இந்நாணயங்கள் உருவாக்கப்பட்டன. முன்பக்கத்தில் பெரும்பாலும் பேரரசரின் அல்லது அரச குடும்பத்தினரின் தலையுருவம் இடம்பெற்றது. ஆசியா மைனரில் பல நகரங்கள் ஒரே முன்பக்க அச்சைப் பகிர்ந்துகொண்டிருப்பதை 1972இல் வெளியான ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டிய ஜெர்மானிய ஆய்வாளர் கொன்ராட் கிராஃப்ட், ஒரே பட்டறை பல ஊர்களுக்கு வேலை செய்தது என்று விளக்கினார். எனவே ஊரின் தனித்தன்மையைப் பின்பக்கத்திலேயே தேட வேண்டும்.

அங்கே ஊர்ப் பெயரோடு காவல் தெய்வம், ஆறு, கோயில், புகழ்பெற்ற சிலை என அவ்வூர் பெருமையாகக் கருதிய யாவும் இடம்பெற்றன. ஒலிம்பியாவில் சிற்பி பீடியஸ் வடித்து, பின்னாளில் அழிந்துபோன சீயஸ் சிலையின் தோற்றத்தை அறிய, பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் ஒலிம்பியாவை நிர்வகித்த எலிஸ் நகரம் வெளியிட்ட நாணயங்கள் முதன்மைச் சான்றாக உள்ளன. பேரரசர் வழிபாட்டுக் கோயிலைப் பேணும் நகரத்துக்குரிய 'நியோகோரோஸ்' பட்டத்துக்காக ஸ்மிர்னா, பெர்கமோன் நகரங்களோடு போட்டியிட்ட எபேசு, தான் பெற்ற பட்டங்களைக் கோயில்களின் வரிசையாக நாணயத்தில் காட்டிக்கொண்டது.

ஆசியா மைனரின் ஃபிரிஜியா பகுதியிலுள்ள அபமேயா நகரம் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் (193–211) காலம் முதல் வெளியிட்ட ஒரு வகை இன்னும் வியப்பானது. நீரில் மிதக்கும் பெட்டிக்குள் ஓர் ஆணும் பெண்ணும் நிற்க, பெட்டியின் மீது நோவாவின் பெயர் கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு பறவை அமர்ந்திருக்க, மற்றொன்று கிளையைக் கொண்டு வருகிறது. அதே இணை கரையேறி வலக்கையை உயர்த்தி நிற்பதும் அருகிலேயே காட்டப்பட்டுள்ளது. யூதர்களின் வெள்ளக் கதையைப் பிற சமயத்தவர் மிகுந்த நகரம் ஒன்று தன் கதையாக ஏற்றுக்கொண்டதற்கு இதுவே சான்று.

3ஆம் நூற்றாண்டில் வெள்ளி நாணயத்தில் வெள்ளியின் அளவு தொடர்ந்து குறைய, விலைவாசி ஏறி, நகர வெண்கலம் மதிப்பிழந்தது. பேரரசர் டாசிட்டஸ் ஆட்சியில் (275–276) நாணயம் வெளியிட்ட பெர்கே, இம்மரபின் கடைசி நகரங்களில் ஒன்று. 294ஐ ஒட்டிப் பேரரசர் டயோக்ளீஷியன் நாணய முறையைச் சீரமைத்தபின், ரோம மக்களின் காவல் தெய்வம் என்ற ஒரே உருவத்தைப் பேரரசெங்கும் உள்ள அச்சுச்சாலைகள் பெரிய செம்பு நாணயங்களில் பொறித்தன. தன் ஆற்றையும் கோயிலையும் பொறிக்க எந்த நகரத்துக்கும் இடம் இல்லாமற் போயிற்று.