கோரையும் நாணலும்

கோரை யாது, நாணல் யாது, சம்பு யாது என மாணாக்கர் வினவினால், "ஒருவகைப் புல்" என்று விடை கூறி மேலே செல்லும் வழக்கம் தமிழாசிரியரிடையே நெடுங்காலமாக உண்டு. அகராதிகள் பலவும் இதற்குத் துணை நிற்கின்றன. வளையும் செடி எது, வளையாது நிமிர்ந்து நிற்பது எது என்றறியாதவன் செய்யுளின் உவமையை எங்ஙனம் சுவைப்பான்?

தொல்காப்பியர் மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் வகுத்தார். அவ்வகையில் பனையும் தெங்குங்கூடப் புல்லே. அத்துணை விரிந்த பெயரை ஒரு சிறு செடிக்குப் பொருளாக எழுதிவிட்டால் பொருள் விளங்கியதாகாது.

கண்டி நகரின் தெற்கே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைச்சாரலில் நீரூறும் பள்ளங்கள் பல. அத்தகைய இடத்திற்கு மாணாக்கரை அழைத்துச் செல்லுங்கால், "நூலை மூடுங்கள், விரலை நீட்டுங்கள்" என்பேன். தண்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே உருட்டினால், கோரை எளிதில் உருளாது. மூன்று விளிம்புகள் விரலில் தட்டுப்படும். இலைகளும் மூன்று வரிசையாகவே கிளைக்கும். கோரைக் குடும்பத்தில் உருண்ட தண்டுடையனவும் சில உண்டு. ஆதலின் விரலோடு நில்லாது, தண்டை அரிந்தும் பார்த்தல் வேண்டும். உள்ளே வெண்மையான சோறு நிறைந்திருக்கும். நெடுகக் கணுவே இராது. பாய் முடைவோர்க்குக் கோரை உகந்ததாயிருப்பதும் இதனாலேயே. கணுவிருப்பின் அவ்விடத்தில் பிளவு தடைப்படுமன்றோ? திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய் கோரையால் ஆயது. ஈழத்தில் சிங்களவர் இத்தகைய நீர்ச்செடிகளைப் பன் என்பர். எகிப்தியர் எழுதுதற்குத் தாள் செய்த பாப்பிரசும் கோரையினமே.

நாணல் மெய்யான புல். தண்டில் கணுக்கள் தோன்றும். இலைகள் இரு வரிசையாக மாறிமாறி நிற்கும். பூக்குங்காலத்தில் வெண்சாமரம் வீசினாற்போல் ஆற்றங்கரை முழுதும் பொலியும். மாவலி கங்கைக் கரையில் இத்தகைய வெண்கதிரைக் கண்டு கோரை என்று கூறுவோர் தண்டின் கணுவை ஒருமுறை தடவிப் பார்ப்பாராக.

சம்பு இவ்விரண்டினும் வேறு. சம்பங்கோரை என்று வழங்கினும் அது கோரையன்று. பெயர் செய்யும் மயக்கம் இது. தட்டையான நீண்ட இலைகளின் நடுவே, கபில நிறத் திரிபோன்ற பூங்கதிர் எழும். அதன் அடிப்பகுதி பெண் பூக்கள், மேற்பகுதி ஆண் பூக்கள். முதிர்ந்த திரியை உதிர்த்தால் பஞ்சாய்ப் பறக்கும். இதனை அறிய விரலும் வேண்டா, கத்தியும் வேண்டா, கண்ணே போதும்.

இனி எஞ்சியது ஒன்று. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி போன்ற உயர்ந்த குளிர்ப்புலங்களின் சதுப்பில், ஜங்கஸ் என்று தாவர நூலார் கூறும் இனம் வளர்கிறது. பார்வைக்குக் கோரையே போலும். 1893 முதல் வெளிவந்த திரைமனின் இலங்கைத் தாவர நூல் இதனைக் கோரையினின்று பிரித்துத் தனிக் குடும்பமாகவே வைத்துள்ளது. வேறுபாட்டை அறியப் பூவை நோக்குதல் வேண்டும். புல்லின் பூ உமிக்குள் மறைந்திருக்கும். கோரையின் பூ ஒரு சிறு செதிலின் அணைப்பில் ஒடுங்கும். ஜங்கஸின் பூவோ, உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினால், காந்தளைப் போல ஆறு இதழ் விரித்து நிற்கும். நிறம் மட்டும் பசுமையும் கபிலமுமாக மங்கியிருக்கும். அவ்வினத்துள்ளும் ஒரு வகையின் இலையை விரலிடையே இழுத்தால் உள்ளே சிறுசிறு தடுப்புகள் முடிச்சுப் போல் தட்டுப்படும். மற்றொரு வகையின் தண்டு முற்றும் வழுவழுப்பாயிருக்கும். பிளந்தால் சோறு இடையறாது நீண்டு வரும்.