பள்ளி விட்ட பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? மாலை மையங்களில் கவனிக்க வேண்டியது என்ன?

பூம்புகார் மாதிரியான கடலோர ஊர்களில் தொடக்கப் பள்ளி விடுவது மாலை 4 மணி வாக்கில். மீன் கூடையோடு ஊர் ஊராகப் போன அம்மா எப்போது திரும்புவார் என்பது அன்றைய விற்பனையைப் பொறுத்தது. நடவுக்கோ களையெடுக்கவோ போனவர் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். நடுவில் இரண்டு, மூன்று மணி நேரம். சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் பெற்றோருக்கும் இதே இடைவெளிதான். அங்கே அதற்கு 'ஆஃப்டர் ஸ்கூல் டேகேர்' என்று பெயர், மாதக் கட்டணம் உண்டு. இங்கே பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, இல்லேன்னா டியூஷன்.

"டியூஷன்ல விட்டிருக்கேன்" என்று ஒரு அம்மா சொன்னால், அதில் பாதி படிப்புக்காக இல்லை. பிள்ளை ஓர் இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கட்டும் என்பதற்காக. ஆனால் அந்த இடம் நல்ல இடமா என்று பார்க்கும்போது நாம் விசாரிப்பது மார்க்கை மட்டும்தான்.

சட்டமும் இந்த நேரத்தை அதிகம் யோசித்ததில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் கேட்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம், 50 பேர் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் கட்டாயம் என்றது. அங்கன்வாடியும் 6 வயதோடு முடிகிறது. ஏழு வயதுப் பிள்ளை 4 மணிக்கு மேல் யார் பொறுப்பு? மீன் விற்பவருக்கும் நடவு நடுபவருக்கும் காப்பகம் கேட்க ஓர் அலுவலகமே கிடையாது என்பது தனிக்கதை.

இல்லம் தேடிக் கல்வி காட்டியது

இந்த மாலை நேரத்துக்குள் அரசு பெரிய அளவில் நுழைந்தது கொரோனாவுக்குப் பிறகுதான். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக்கூடம் என்று கிடைத்த இடத்தில் வகுப்பு. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பெண்கள். அதனால் பிள்ளைகளுக்கு அவர்கள் 'டீச்சர்' இல்லை, 'அக்கா'.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறே மாதத்தில், கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்திருந்தார்கள், மீண்டதும் அவர்களே அதிகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். 20 பிள்ளைகள் என்றால், பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். தினமும் ஒன்றரை மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 27 ரூபாய்கூட வரவில்லை. இந்தக் காசுக்கு இவ்வளவு செய்தது அந்தப் பெண்களின் பெருந்தன்மை. ஆனால் வேறு வேலை கிடைத்ததும் அக்கா போய்விட்டால் குறை சொல்லவும் முடியாது. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் சின்னப் பிள்ளைகள் ஒட்ட மாட்டார்கள். பராமரிப்பின் தரம் பற்றிப் பேசும்போது கட்டடத்தையும் பொம்மையையும் முதலில் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது அதே முகம் அடுத்த வருஷமும் இருக்குமா என்பதைத்தான்.

இன்னொன்று: இது கற்றல் திட்டம், பராமரிப்புத் திட்டம் அல்ல. 4 மணிக்குப் பள்ளி விட்டால், 5 மணி வரை பிள்ளை எங்கே? சாயங்காலப் பசிக்கு என்ன? கழிப்பறை? திண்ணை வகுப்பில் மழை வந்தால்? 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டிய பகுதி இது. அந்த மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். வகுப்பு முடிந்து இருட்டில் வீட்டுக்குக் கூட்டிப்போவது யார் என்பது இங்கே பாடத்திட்டத்தைவிடப் பெரிய கேள்வி.

தண்ணீர் சூழ்ந்த ஊரில்

டெல்டாவில் வாய்க்கால் இல்லாத ஊர் கிடையாது, குளம் இல்லாத தெரு குறைவு. பூம்புகாரில் காவிரி முகத்துவாரமும் கடலும் சேர்ந்துகொள்கின்றன. பெரியவர் கண் இல்லாத மணி நேரம் ஒவ்வொன்றும் இங்கே ஆபத்துதான்.

இதேபோல ஆறும் குளமும் நிறைந்த வங்கதேசம் இதற்கு எளிய வழி ஒன்றைச் செய்து பார்த்தது. 'ஆஞ்சல்' என்ற கிராமக் காப்பகங்கள். அம்மாக்கள் வேலையில் மூழ்கியிருக்கும் காலை 9 முதல் 1 மணி வரை, 1 முதல் 5 வயதுப் பிள்ளைகளை அந்த ஊர்ப் பெண் ஒருவர் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வார். உதவிக்கு இன்னொருவர். ஆஞ்சலுக்கு வந்த பிள்ளைகளிடையே நீரில் மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெரிய கட்டடம் எதுவும் இல்லை. சரியான நேரத்தில் பிள்ளை மேல் ஒரு பெரியவரின் கண் இருந்தது, அவ்வளவுதான். அங்கே காலை நேரம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது மாலை 4 முதல் 7.

கூரையைப் பற்றி இந்தப் பகுதிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். கீற்றுக் கூரை, குறுகலான வழி, நெருக்கியடித்த வகுப்பறை. பள்ளிகளில் கீற்றுக் கூரை அதற்குப் பிறகு அகற்றப்பட்டது. மாடியில் தகர ஷெட் போட்டு, ஒற்றைப் படிக்கட்டு வைத்து நடக்கும் டியூஷன் சென்டர்களை அதே கண்ணோடு பார்க்கிறோமா?

ஜப்பானில் பள்ளிக்குப் பிந்தைய மையங்களுக்கு 2015இல் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். ஒரு குழுவில் சுமார் 40 பிள்ளைகள் வரை, குறைந்தது இரண்டு பெரியவர்கள், பிள்ளைக்கு 1.65 சதுர மீட்டர் இடம். நம் கணக்கில் ஆறுக்கு மூன்றடிப் பாய் விரிக்கும் அளவு. எட்ட முடியாத வசதி இல்லை. ஆனால் அதில் 'இரண்டு பெரியவர்கள்' என்பது முக்கியம். ஒருவர் அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், மீதிப் பேரைப் பார்க்க ஆள் வேண்டும். பிள்ளைகளோடு ஒருவர் மட்டும் தனியே இருக்கும் சூழலும் தவிரும்.

சேர்க்கும் முன் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாலை போய் நின்று பாருங்கள். டி.வி. ஓடுகிறதா, பிள்ளைகள் ஓடுகிறார்களா என்பதிலேயே பாதி தெரியும். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடிகிற அறையா என்று கவனியுங்கள். பிள்ளையை யார் வந்து கேட்டாலும் அனுப்பிவிடுவார்களா, பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். குளம் பக்கத்தில் இருந்தால் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை திடீரென்று "நான் அங்க போகல" என்று அழுதால் சோம்பேறித்தனம் என்று அதட்டாமல், உட்கார வைத்து விசாரியுங்கள். சந்தேகம் வந்தால் 1098 இலவச எண், 24 மணி நேரமும். கடைசியாக, மையம் நடத்துபவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல்னா, பிள்ளைங்களை யார் பார்ப்பா?"