இருமத் தெரியாத பாம்பு!

பாம்பு என்றால் படையும் நடுங்கும். அந்தப் பாம்பையே படாத பாடு படுத்தும் எதிரி ஒன்று உண்டு. அதன் நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான்!

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாய், பூனை வளர்ப்பதுபோலப் பாம்பு வளர்ப்பவர்கள் பலர். அவர்களுக்குப் பிரியமானது ஆப்பிரிக்காவின் "பந்து மலைப்பாம்பு". விஷம் கிடையாது. பயந்தால், தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோல் சுருண்டுவிடும்.

தண்ணீரில் தஞ்சம்

இந்தச் சாதுப் பிராணி திடீரென்று நாள் முழுவதும் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கிறதா? ஆனந்தக் குளியல் என்று எண்ணிவிடக் கூடாது. தொட்டிக்குள் மிளகுத் தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள் தெரிந்தால், அவை மூழ்கிச் செத்த சிற்றுண்ணிகள்!

செதிலுக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் ஒளிந்து ரத்தம் குடிப்பவை இவை. ஒரு பெண் உண்ணி 60 முதல் 80 முட்டை வரை இடும். முட்டை பொரிந்து முழு உண்ணியாக மூன்று வாரம்கூட வேண்டியதில்லை. ஆகவே பாம்பைக் கழுவினால் மட்டும் போதாது. கூண்டின் இண்டு இடுக்கையெல்லாம் சுத்தம் செய்ய வேண்டும். வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் மருந்தடித்தால், உண்ணியோடு பாம்பும் செத்துவிடும்!

ரத்தம் போவதோடு தொல்லை தீரவில்லை. ரத்தத்தைக் கெடுக்கும் கிருமியை இந்த உண்ணி ஒரு பாம்பிலிருந்து மறு பாம்புக்குப் பரப்புவதை 1948-ல் ஜோசப் காமின் என்ற அமெரிக்க விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். மெலிந்துபோன பாம்பை மூச்சு நோயும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

நெஞ்சில் சளி

மனிதன் சளியை இருமித் தள்ளுகிறான். பாம்பால் அது முடியாது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே நமக்குள்ள உதரவிதானம் அதற்கு இல்லை. சளி உள்ளேயே தேங்கும். மூச்சில் விசில் சத்தம், வாயில் நுரை, வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி மூச்சுக்குத் தவிப்பது - இவை தெரியும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும்.

காரணம் என்ன? பல சமயம் குளிர்தான். கூண்டின் ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி சென்டிகிரேட் வெப்பமும், மறு பக்கம் சுமார் 26 டிகிரியும் இருக்க வேண்டும். பாக்டீரியா என்றால் ஊசி மருந்து கேட்கும். ஆனால் 2014-ல் இந்த மலைப்பாம்புகளில் கண்டறியப்பட்ட ஒரு வைரஸுக்கு அந்த மருந்து பலிக்காது. எது என்பதை வைத்தியர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

புதிதாக வாங்கிய பாம்பை மூன்று மாதம் தனி அறையில் வைப்பது நல்லது. கோபம் வந்தால் சீறத் தெரிந்த பிராணிக்கு, நோவு வந்தால் முனகத் தெரியாது. அன்றாடம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் கண்தான் அதைக் காப்பாற்றும்.