பெயர் வந்த வழி – 12: வாப்பாவின் முதலெழுத்தும் உம்மாவின் குடியும்

சென்ற வாரம் மக்கிரெகர் என்ற ஸ்கொட்லாந்துக் குலப்பெயரில் நிறுத்தியிருந்தோம். 1603இல் மன்னன் ஆறாம் ஜேம்ஸ் அந்தப் பெயரையே தடைசெய்தான். மக்கிரெகர் என்று சொல்லிக்கொள்வதே குற்றமானது. மரே, கிராண்ட், டிரம்மண்ட் என்று கிடைத்த பெயருக்குள் குடும்பங்கள் ஒளிந்துகொண்டன. நடுவில் ஒருமுறை விலக்கப்பட்ட தடை 1693இல் திரும்பி வந்தது; முற்றாக நீங்கியது 1774இல். அந்தக் காலத்தில் வாழ்ந்த வீரர் ரொப் ரோய் மக்கிரெகர், தன் தாயின் குலப்பெயரான கம்பெல் என்பதை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நடமாடினார்.

'மக்' என்றால் கேலிக் மொழியில் மகன். மக்லியொட் என்றால் லியொட்டின் மகன். தகப்பன் வழியாக இறங்கி வரும் பெயர் அது. தாயின் பெயர் ரொப் ரோய்க்கு ஆபத்துக்கு உதவிய பெயர். நம் இலங்கையின் கிழக்குக் கரையிலோ தாய்வழிதான் முறை. மருதமுனையில் தொடங்கி கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை, மேற்கே சம்மாந்துறையையும் சேர்த்து, முஸ்லிம்களிடம் 'குடி' என்றொரு குலப்பெயர் உண்டு. அது உம்மாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

இந்த ஊர்களில் பிறந்தவர்களின் பெயரைப் பாருங்கள். எம்.எச்.எம். அஷ்ரப் என்றால் முகம்மது ஹுசைன் முகம்மது அஷ்ரப். 1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்து, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸை உருவாக்கிய தலைவரின் பெயர். முதலெழுத்துகள் தகப்பன் வழியைச் சொல்கின்றன. குடியைப் பற்றி மூச்சு விடவில்லை. பிள்ளையைத் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்வதுதான் மார்க்கம் காட்டும் வழி. அதனால் கடதாசியில் வாப்பா இருக்கிறார். வீட்டுத் திண்ணையில் விசாரணை வேறு மாதிரி நடக்கும். முன்பின் தெரியாத பொடியன் ஒருவன் வந்து நின்றால் மூத்தம்மா கேட்பது இப்படி: "மனே, நீ ஆர்ர புள்ள? உன்ட உம்மா எந்தக் குடி?" இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் அவன் உறவா அந்நியமா, தன் பேத்திக்கு மச்சான் முறையா காக்கா முறையா என்பது அவருக்குத் தெளிவாகும்.

இந்தத் தாய்வழித் தொடர்ச்சியை மட்டக்களப்புப் பக்கத்தில் 'வயிற்றுவார்' என்பார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் கிடையாது. உம்மாவின் சகோதரி பிள்ளைகள் உடன்பிறப்புகள். மாமா மகள் மச்சி, தாராளமாக முடிக்கலாம். ஒரே குடி என்ற ஒன்றுக்காக மார்க்கம் ஒரு சம்பந்தத்தைத் தடுக்காது. தடுத்தது ஊர் வழக்கம்.

குடிப் பெயர்கள் தனி அழகு. கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே வழங்கும் சில: பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி, முகாந்திரநாச்சி குடி, மாலைகட்டி குடி, ஓடாவி குடி, லெவ்வை குடி. நாச்சி என்று முடிகிற பெயர்களைக் கவனியுங்கள். அவை பெண்களின் பெயர்கள். முகாந்திரம் என்பது அந்நியர் ஆட்சிக் காலத்து உத்தியோகப் பட்டம். அந்தப் பட்டத்துக்கும் ஒரு நாச்சியைச் சேர்த்தே குடியாக்கியிருக்கிறார்கள். ஓடாவி என்றால் தச்சர், தோணி கட்டுகிறவர். லெவ்வை என்பது லெப்பையின் கிழக்கு உச்சரிப்பு, ஓதிக்கொடுக்கும் பரம்பரை. ஸ்கொட்லாந்திலும் தச்சருக்கு ரைட், கொல்லருக்குச் சிமித் என்று தொழிலிலிருந்து பெயர் பிறந்திருக்கிறது. ஒரு பாட்டியின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகக் குலத்துக்கே சூட்டி வைத்திருப்பதுதான் எனக்கு இந்தக் கரையின் பெரிய சொத்தாகத் தெரிகிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது? பக்கத்துத் தமிழ் ஊர்களிலும் இதே குடிமுறைதான். அங்குள்ள முக்குவர் என்ற சமூகத்தினரிடையே உலகிப்போடி குடி, படையாண்ட குடி, பெத்தான் குடி என்று வழங்குகின்றன. எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மிய'த்திலும், வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலிலும் குடிகளைப் பற்றி நிறைய இருக்கிறது. மரபுக் கதை ஒன்று ஊரெல்லாம் தெரிந்தது. திமிலர் என்ற இன்னொரு சமூகத்துக்கும் முக்குவருக்கும் சண்டை மூண்டபோது, பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றார்கள். வென்றபின் அவர்களுக்கு இங்கேயே பெண் கொடுத்துக் குடியமர்த்தினார்கள் என்பது அந்தக் கதை. பெண் இந்த மண்ணைச் சேர்ந்தவளாக இருந்தால் குடியும் இந்த மண்ணுடையதுதானே. கதையை வரலாறாக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடல் கடந்து வந்த வியாபாரி ஊர்ப் பெண்ணை முடித்து அவள் வீட்டில் தங்கினான் என்கிற நடைமுறையை அது சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. 1626 அளவில் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியதாகப் போர்த்துக்கேயர் எழுதியதும் இங்கே சேர வேண்டும்.

மலபாரிலும் இதே மாதிரி. தலச்சேரி, கண்ணூர்ப் பக்கத்து மாப்பிள்ளைக் குடும்பங்கள் தறவாடு என்னும் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களாக வாழ்ந்தன. இன்னும் கிழக்கே போனால் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள். உறுதியான முஸ்லிம்கள், குலமும் குடும்ப நிலமும் தாய்வழி. இந்தியப் பெருங்கடலின் பல கரைகளில் இஸ்லாமும் தாய்வழியும் ஒரே வீட்டில் நூற்றாண்டுக்கணக்கில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

குடியைத் தாங்கி நிற்பது வீடு. கல்முனைப் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாவும் காக்காமாரும் வீடு கட்டத் தொடங்கிவிடுவார்கள். கலியாணத்தோடு வீடு மகளுக்கு எழுதப்படும். வசதியுள்ள போடியார், அதாவது நிலக்காரர், வயற்காணியும் சேர்த்துக் கொடுப்பார். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறார். பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீட்டைப் போட்டுக்கொண்டு இளைய மகள்களோடு நகர்வார்கள். இப்படியே போனால் ஒரு ஒழுங்கைக்குள் உம்மா, மகள், சாச்சி, பெரியம்மா, அவர்களின் மகள்கள் என்று ஒரே குடிப் பெண்கள் அடுத்தடுத்து இருப்பார்கள். வாரிசுச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே சீதனமாக எழுதிவிடுவதால் நல்ல வீடும் நல்ல நிலமும் மகள்கள் கைக்குப் போயிருக்கும். இதற்காக ஏழைக் குடும்பத்து ஆண்மக்கள் வளைகுடாவில் உழைத்துத் தேய்கிறார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. சீதனக் கொடுமைக்கு எதிரான குரல் நியாயமானது. அதே வீடுதான் விவாகம் முறிந்த பெண்ணை நடுத்தெருவில் நிற்க விடாமல் காத்தது என்பதும் உண்மை.

ஆண்களுக்குக் குடி பொதுவில் பேசியது பள்ளிவாசலில். குடிக்கொரு மரைக்கார், மரைக்கார்மார் கூடி நிர்வாகம், கந்தூரிச் செலவு, ஊர் வழக்கு எல்லாம் பார்த்தார்கள். தமிழ்க் கோயில்களில் இதே இடத்தில் வண்ணக்கர் இருந்தார். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர் சபையைப் பதிவுக்குக் கொண்டுவந்தபின், மரைக்காரின் இடம் மெல்லச் சுருங்கியது.

ஸ்கொட்லாந்துப் பெயர்கள் உலகெங்கும் பரவியதற்கு ஒரு காரணம், அவை ஆளோடு போயின. கனடாவுக்குக் கப்பலேறியவனும், நமது மலையகத்தில் லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் பெயரைக் கையோடு கொண்டுபோனார்கள். குடி போவது பெண்ணோடு, தங்குவது வளவில். கொழும்பில் வேலை பார்க்கும் சாய்ந்தமருதுக்காரர் பொதுவாகத் தன் குடிப்பெயரைப் பெயரோடு சேர்ப்பதில்லை. கட்டாரில் கேட்க ஆளுமில்லை. பதிவேடுகளிலும் கடவுச்சீட்டிலும் அதற்கொரு கட்டமும் இல்லை.

தாய்வழிக்குப் படிவங்களில் இடமில்லாததன் விலையை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமியில் அம்பாறை மாவட்டத்துக்குத்தான் நாட்டிலேயே அதிக உயிரிழப்பு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காட்டுக் கடற்கரை வீடுகள் வரிசையாக அழிந்தன. அழிந்த வீடுகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. மாற்று வீடு கொடுக்க வந்த படிவமோ 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டது. உம்மா மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டுக்குப் பதிலாகக் கணவன் பெயரில் உறுதி எழுதப்பட்ட சம்பவங்கள் கிழக்கெங்கும் நடந்தன. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துப் பேசின. கூட்டு உரிமை என்ற கோரிக்கை அதிலிருந்து எழுந்தது. பல தலைமுறையாகத் தாய்வழியில் வந்த ஒன்று ஒரு கையெழுத்தில் தகப்பன் வழிக்கு மாறியது. அதைச் செய்த உத்தியோகத்தர்களில் பலர் இந்த ஊர்களிலேயே தாய்வீட்டில் வளர்ந்தவர்களாக இருந்திருக்கக்கூடும் என்பதுதான் மனதை அறுக்கிறது.

இந்த ஊர்களில் உங்கள் மூத்தம்மா இன்னும் இருக்கிறார் என்றால், அவருடைய உம்மா, அந்த உம்மாவின் உம்மா என்று பெயர்களைக் கேட்டு, குடியோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். பெயர்களோடு எந்த வளவு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் எழுதுங்கள். அடுத்த வாரம் இதே கரையில் இரு சமூகத்துக்கும் பொதுவான இன்னொரு பெயரைப் பார்ப்போம்: போடி.

(தொடரும்)