முன்வாசலும் பின்வாசலும்

கணிப்பொறி இல்லாத அலுவலகமோ கல்லூரியோ இன்று இல்லை எனலாம். அச்சுப்பொறி, விசைப்பலகை, பென் டிரைவ் யாவற்றையும் அதனோடு இணைக்கும் பொதுவழியே யூ.எஸ்.பி. ஆகும். இன்டெல் நிறுவனத்தில் இதனை உருவாக்கிய குழுவில் முதன்மையானவர், வடோதராவில் பயின்ற அஜய் பட் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஒரே பென் டிரைவ், ஒரே கணிப்பொறி. முன்பக்கத்தில் செருகினால் ஆமை. பின்பக்கத்தில் செருகினால் முயல். இது ஏன்?

1996-இல் வந்த முதற் பதிப்பு நொடிக்கு 12 மெகாபிட் வரை அனுப்பியது. 2000-இல் வந்த இரண்டாவது 480 மெகாபிட். 2008-இல் வந்த மூன்றாவது 5,000 மெகாபிட். 3 ஜிகாபைட் கோப்பு ஒன்றுக்குக் கணக்கிட்டேன். முதலாவதில் 33 நிமிடம். இரண்டாவதில் 50 நொடி. மூன்றாவதில், எட்டு பிட் செய்தி பத்து பிட்டாகச் செல்வதையும் கணக்கில் கொண்டால், 6 நொடி. இவை ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் நேரம் கூடும்.

கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வரும் எனக்கு இருப்புப்பாதையே எளிய உவமை. இரண்டாம் பதிப்பில் மின்சாரத்திற்கு இரண்டு, செய்திக்கு இரண்டு என நான்கு கம்பிகள். ஒற்றைப் பாதைபோல், ஒரு திசையில் செய்தி செல்கையில் எதிர்த்திசை காத்திருக்கும். மூன்றாம் பதிப்பில் மேலும் ஐந்து கம்பிகள் சேர்வதால், போகவும் வரவும் தனித்தனிப் பாதை உண்டு.

பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. முன்பக்கப் போர்ட்டோ பெட்டிக்குள் ஒரு கேபிள் வழியாக வருவது. அக்கேபிள் தரம் குறைந்ததாயினும், பழைய 9 ஊசி இணைப்பில் மாற்றி வைத்துப் பொருத்தப்பட்டிருந்தாலும் வேகம் இரண்டாம் பதிப்பிற்கு இறங்கிவிடும். வெளியே தெரியும் நீல நிறம் வழக்கமேயன்றி உறுதிமொழி அன்று.

குறையைக் கண்டறிவது எங்ஙனம்?

1. ஒரே கோப்பை முன்னும் பின்னும் செருகி நகலெடுத்து நேரம் குறிக்கவும். பின்பக்கம் மட்டும் விரைவெனில் முன்பக்கப் போர்ட்டையோ அதன் கேபிளையோ ஐயுறலாம்.

2. நீட்டிப்புக் கம்பி, ஹப் இருப்பின் நீக்கிவிட்டு நேராகச் செருகவும்.

3. எல்லாப் போர்ட்டிலும் மெதுவெனில் டிரைவர் மென்பொருளைப் பார்க்கவும். விண்டோஸ் 7-இல் மூன்றாம் பதிப்பிற்கு அதனைத் தனியே நிறுவ வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் உடனேயே வருகிறது.

4. வேறு கணிப்பொறியிலும் மெதுவெனில் பென் டிரைவே மெதுவானது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு பென் டிரைவின் விலை என் தந்தையின் ஒரு நாள் கூலி. "இது போய்விட்டது, புதிது வாங்கு" என்று ஒரு கடையில் சொன்னபோது இச்சோதனையைச் செய்தேன். பின்பக்கத்தில் அது விரைந்தோடியது; இன்றும் ஓடுகிறது.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார் என்று ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் கற்பிக்கின்றனர். அது தேர்வுக்கு மட்டும் உரியதன்று, நண்பர்களே!