கோல்ஃப் மைதானத்து அருகம்புல்

இங்கிலாந்தில் மரங்கள் சூழ்ந்த கோல்ஃப் மைதானத்துக்கு இலையுதிர்காலம் என்றால் சருகு அள்ளும் காலம். புல்லின் வளர்ச்சியும் அடங்கத் தொடங்கும். திருப்பூருக்கு மேற்கே, கோவை செட்டிபாளையத்து 18 குழி மைதானத்துக்கு அதே அக்டோபர், நவம்பர் ஐப்பசி மழைக்காலம். புல் தழைக்கும் நேரம். வானிலை மட்டுமல்ல, புல்லும் வேறு. நம் சமவெளி மைதானங்கள் பெரிதும் நம்பியிருக்கும் ‘பெர்முடா புல்’ என்பது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். தரையில் ஓடும் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். மண்ணுக்குள்ளும் ஒரு தண்டு ஓடும். ஏர் ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிவிடும். உழவர் சபிக்கும் இந்தக் குணமே மைதானத்துக்கு மூலதனம்: மேலே வெட்ட வெட்டப் பக்கவாட்டில் அடர்ந்து பாயாகிறது. குழியைச் சுற்றிய ‘கிரீன்’ பகுதியில் அதை 5 மி.மீ. உயரத்துக்கும் கீழே கத்தரிப்பார்கள். அதற்கென அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்து உருவாக்கிய குட்டை ரகங்கள் உண்டு. அவை முளைக்கும் விதை தராதவை. கொடியை நறுக்கித் தூவித்தான் நட வேண்டும்.

ஆயிரம் அடிக்குப் போர்வெல் இறக்கும் ஊரில் பந்து உருட்டத் தண்ணீரா என்று கேட்பது நியாயமே. அதற்குப் பாதி விடை அருகிடமே இருக்கிறது. வறட்சியில் இலை காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடிருக்கும். ஆகவே கிரீன்களுக்கு மட்டும் நீர் பாய்ச்சி, மற்ற பரப்பைக் கோடையில் பெருமளவு காயவிடலாம். ஓரளவு உப்பையும் தாங்கும் என்பதால் நல்ல தண்ணீர் தேவையில்லை. சுத்திகரித்த நகரக் கழிவுநீர் போதும். உப்பு என்றதும் திருப்பூர்க்காரர் நொய்யலை நினைப்பார். பருத்தியில் சாயம் ஏறச் சாயப்பட்டறைகள் சேர்க்கும் உப்பு ஆற்றில் கலந்து வயல்களைக் கெடுத்தது. கழிவுநீரை அறவே வெளியேற்றாத முறைக்கு மாறாத பட்டறைகளை மூட 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. புல் தாங்குகிறது என்பதற்காக அத்தகைய நீரைப் பாய்ச்சினால், வேரடியில் சேரும் உப்பை ஐப்பசி மழை கழுவி நிலத்தடிக்கு இறக்கிவிடும்; மைதானம் பிழைக்கும், பக்கத்துக் கிணறு கெடும். எனவே உப்புக் குறைந்த நகரக் கழிவுநீர்தான், அதுவும் அளவோடுதான் சரி. ஐப்பசிப் பசுமை மழையின் உபயம். அதை வைத்துப் பராமரிப்பை மெச்ச முடியாது. சித்திரையில் கிரீன்கள் மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் பழுப்பாகவும் கிடந்தால், அந்த மைதானம் தான் இருக்கும் ஊரை அறிந்தது எனலாம்.