தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீரா? வகுப்பறைக்கு ஒரு பாசி வடிகட்டி

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் ஆய்வகத்தின் உப்புநீர்த் தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்களும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மறுநாள் இரண்டும் இறந்துவிட்டன. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி அழுதபடி வந்தாள். "லீவுல பசியோட இருக்குமேன்னு எல்லா நாள் தீனியையும் ஒண்ணாப் போட்டுட்டேன் சார்" என்றாள். கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துவிட்டு, "ஆனா தண்ணி தெளிவாத்தானே சார் இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. நீர் கண்ணாடிபோல்தான் இருந்தது. ஆனால் அம்மோனியா சோதனைக் கரைசலை விட்டதும், மஞ்சளாக இருக்க வேண்டிய நீர் கரும்பச்சையாக மாறியது. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் பாசி வடிகட்டி ஒன்றைச் செய்தோம். செலவு குறைவு. நைட்ரஜன் சுழற்சியைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

கரைந்த கழிவு எங்கே போகிறது?

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை குறைவு. கடல்நீரின் பி.எச். மதிப்பு 8-க்குச் சற்று மேல் இருப்பதால், அதில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிடப் பொதுவாக அதிகமாக இருக்கும். தீனி திடீரென்று கூடும்போது பாக்டீரியாக்கள் உடனே பெருகி ஈடுகொடுக்க முடியாது. எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான்.

கடைகளில் விற்கும் பஞ்சு வடிகட்டி மிதக்கும் தூசியைப் பிடிக்கும். அதில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நீரிலேயே தங்கிவிடும். வயலுக்கு நாம் இடும் உரத்தில் இருப்பவையும் இவைதானே! அப்படியானால் அவற்றை உண்டு வளரும் ஒரு பயிரைத் தொட்டிக்கு வெளியே வளர்த்து, வாரம் ஒருமுறை அறுவடை செய்தால் என்ன? பாசி வடிகட்டியின் தத்துவம் இவ்வளவுதான். பாசி அம்மோனியாவையும் நேரடியாக எடுத்துக்கொள்ளும்.

இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன அறிவியலாளர் வால்டர் ஏடி. பவளத்திட்டுகளில் அலை மோதும் இடங்களில் அடர்ந்து வளரும் குட்டைப் பாசிகளை ஆராய்ந்த அவர், அதே சூழலை மீன்தொட்டிக்குக் கொண்டுவந்து 1980-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். பின்னர் கழிவுநீரையும், விளைநிலங்களிலிருந்து வழிந்தோடும் நீரையும் சுத்தம் செய்ய இதே முறை பெரிய அளவில் பயன்படுத்தப்பட்டது.

செய்யும் முறை

வடிகட்டியின் அளவைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அல்ல, தினமும் நாம் இடும் தீனி. இரண்டு மூன்று சிறு மீன்கள் உள்ள 100 லிட்டர் தொட்டிக்கு 12 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட வலை தாராளம்.

1. வலை: ஃபேன்சி ஸ்டோர்களில் கம்பளி நூல் வேலைப்பாட்டுக்கு விற்கும் விறைப்பான பிளாஸ்டிக் வலை அட்டையை வாங்குங்கள். ஆக்சா பிளேடால் இருபுறமும் நன்றாகச் சுரண்டிச் சொரசொரப்பாக்குங்கள். வழவழப்பான பரப்பில் பாசி பிடிக்காது. உலோக வலை வேண்டாம். இரும்பு துருப்பிடிக்கும், செம்பு கடல் உயிரிகளுக்கு நஞ்சு.

2. குழாய்: முக்கால் அங்குல பி.வி.சி. குழாயின் ஒரு முனையை மூடியால் அடையுங்கள். அடிப்பக்கத்தில் 12 செ.மீ. நீளத்துக்கு, சுமார் 3 மி.மீ. அகலத்தில் ஒரு பிளவு அறுங்கள். வலையின் மேல் விளிம்பை அதில் செருகி நைலான் டையால் கட்டுங்கள்.

3. பம்ப்: வலையின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு 50 லிட்டர் நீர் பாய வேண்டும். அப்படியானால் 12 செ.மீ.க்கு 600 லிட்டர். நீர் மேலேறும்போது பம்பின் திறன் குறையும் என்பதால், 1000 லிட்டர் எனக் குறித்துள்ள பம்பை வாங்குங்கள். நீர் தாரையாகக் கொட்டாமல், வலையின் இருபுறமும் மெல்லிய படலமாக வழிய வேண்டும்.

4. பெட்டி: வலை தொங்கும் அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தொட்டியின் மேல் உறுதியாகப் பொருத்துங்கள். நீர் தானாகத் தொட்டிக்குத் திரும்ப அடியில் ஒரு வடிகுழாய் வையுங்கள். அது உள்ளே வரும் குழாயைவிடப் பெரியதாக இருக்கட்டும். சற்று மேலே இரண்டாவது வடிகுழாயும் கட்டாயம் வேண்டும். அறுந்த பாசி ஒன்றை அடைத்துக்கொண்டால் மற்றொன்று காப்பாற்றும். இல்லையென்றால் தொட்டி நீர் தரைக்கு வந்துவிடும்.

5. விளக்கு: வலையின் இருபுறமும் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒவ்வொன்று வையுங்கள். செடி வளர்ப்புக்கான சிவப்பு ஒளி சிறந்தது. மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியும் போதும். முதலில் தினமும் 9 மணி நேரம், பாசி பிடித்த பிறகு 15 மணி நேரம் வரை எரியட்டும். பாசி இருட்டில் சுவாசித்து ஆக்சிஜனைச் செலவிடும். தொட்டி இருளில் இருக்கும் இரவு நேரத்தையும் சேர்த்து விளக்கு எரியுமாறு டைமரை அமையுங்கள்.

பராமரிப்பு

முதல் வாரத்தில் பழுப்பு நிறப் படலம்தான் வரும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களில் பச்சை நிறம் தலைகாட்டும். பிறகு முடிபோல் நீளும்.

வாரம் ஒருமுறை பம்பை நிறுத்தி, வலையைக் கழற்றி, குழாயடியில் பிளாஸ்டிக் அளவுகோலால் பாசியை வழித்தெடுங்கள். வேர்போல் ஒட்டியிருக்கும் மெல்லிய அடுக்கை விட்டுவிடுங்கள், அதிலிருந்துதான் மீண்டும் தழைக்கும். அறுவடையைத் தள்ளிப்போட்டால் உள்ளடுக்குக்கு ஒளி கிடைக்காமல் பாசி அழுகி, உறிஞ்சிய சத்தையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். வழித்தெடுத்த பாசியை நன்றாக அலசிப் பள்ளித் தோட்டத்து உரக்குழியில் சேர்க்கலாம்.

ஆவியாகிக் குறையும் அளவுக்கு நன்னீரை மட்டும் ஊற்றுங்கள். நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். இதுவும் மாணவர்களுக்கு ஒரு பாடம்.

வகுப்பறையில்

தொடக்கநிலை மாணவர்கள் வாரந்தோறும் வலையின் நிறத்தை வரைந்து வரலாம். கைலென்சால் பாசி இழையைப் பார்க்கலாம். நடுநிலை வகுப்பில் ஒளிச்சேர்க்கையையும் உணவுச் சங்கிலியையும் தொட்டியருகே நின்றே நடத்தலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அந்த வாரம் இட்ட தீனியின் எடை, பிழிந்தெடுத்த பாசியின் எடை, நைட்ரேட் சோதனை அளவு ஆகிய மூன்றையும் பதிவுசெய்து வரைபடம் வரையட்டும். இதே பாசி ஏரியில் மண்டினால் ஏன் கேடு, இங்கு ஏன் நன்மை என்று கேளுங்கள். யாரும் அறுவடை செய்யாததுதான் வேறுபாடு என்ற விடை அவர்களிடமிருந்தே வரும்.

கவனம் தேவை

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இணைப்பில் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். வயர் பிளக்கை விடத் தாழ்ந்து ஒரு வளைவாகத் தொங்கட்டும். அப்போதுதான் அதில் வழியும் நீர் பிளக்கை அடையாது. பம்பையும் விளக்கையும் அணைக்காமல் யாரும் கையை விடக் கூடாது.

பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்து வந்து வளர்க்கக் கூடாது. பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்களை வாங்குங்கள். புதிய தொட்டியில் மீனை விடுமுன் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். கடலுக்குத் தொலைவில் உள்ள பள்ளிகள் இதே அமைப்பை நன்னீர்த் தொட்டியிலும் செய்யலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரே நாளில் கொட்டிய அவ்வளவு தீனியை இந்த வடிகட்டியாலும் சமாளித்திருக்க முடியாது. அளவாகத் தீனி இடுவதற்கு மாற்று எதுவும் இல்லை. விடுமுறைக்கு முன் எவ்வளவு, யார் இடுவது என்று இப்போது தொட்டியருகே எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியவள் அந்த மாணவிதான். வெள்ளிக்கிழமை அறுவடையும் அவள் பொறுப்பு. பிழிந்த பாசியைத் தராசில் வைத்துவிட்டு, "போன வாரம் போட்ட தீனி சார் இது" என்று அவள் வகுப்புத் தோழிகளுக்கு விளக்குவதைக் கேட்கும்போது, அன்று அவள் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று தெரிகிறது.